வாசலும் பட்டியும்: நம் வேதச் சொற்கள் மலையேறி வந்த வரலாறு



ஜூபிலி மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டபோது, நம் கோவில் எழுந்த வரலாற்றையே எழுதலாமா என்று முதலில் நினைத்தேன். ஆனால் அதை என்னைவிட நன்கறிந்த பெரியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். கல் சுமந்தவர்களும் மண் குழைத்தவர்களும் சொல்ல வேண்டிய வரலாற்றை, இடையில் வந்து சேர்ந்த நான் சொல்வது முறையன்று. ஆகவே வேறொரு வரலாற்றை எடுத்துக்கொண்டேன். நாம் நாள்தோறும் செபத்தில் சொல்லும் சொற்கள் எங்கிருந்து புறப்பட்டு, எந்தெந்த நாடுகளைக் கடந்து, எவ்வெவ்வாறு பொருள் மாறி இந்தக் கொல்லிமலைக்கு வந்து சேர்ந்தன என்பதே அது. கல்லால் கட்டிய கோவிலுக்கு வரலாறு இருப்பதுபோல, சொல்லால் கட்டிய கோவிலுக்கும் ஒரு வரலாறு உண்டு.

நம் ஊரின் பெயர்

முதலில் நம் ஊர்ப் பெயரையே பார்ப்போம். இப்பெயர் எக்காரணம் பற்றி ஏற்பட்டது என்று ஆராய்வது என் நோக்கமன்று. அதில் நம் காதில் விழும் இரண்டு சொற்களை மட்டும் கவனியுங்கள். ஒன்று வாசல், மற்றொன்று பட்டி.

வாசல் என்பது வாயில் என்பதன் பேச்சு வடிவம். இல்லத்துக்கு வாய்போல் இருப்பதால் ‘இல்வாய்’ எனப்பட்டது. அதுவே முன்பின்னாக மாறி ‘வாயில்’ ஆயிற்று என்று பள்ளியில் இலக்கண ஆசிரியர் கற்பித்தது உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். வீட்டுக்கு ஏது வாய்? மனிதனின் வாயை யாரோ ஒரு தமிழ்ப் பாட்டன் வீட்டுக்கு ஏற்றிச் சொன்னான். அது நிலைத்துவிட்டது. இதில் ஒரு வியப்பு என்னவென்றால், குருமடத்தில் நான் இலத்தீன் கற்றபோது வாசலுக்கு அம்மொழியில் ‘ஓஸ்தியும்’ என்று பெயர் எனக் கண்டேன். ‘ஓஸ்’ என்றால் வாய். கடல் கடந்த உரோமைக் குடியானவனுக்கும் நம் பாட்டனுக்கும் ஒரே எண்ணம் தோன்றியிருக்கிறது!

பட்டி என்பது ஆடுமாடுகளை இரவில் அடைக்கும் இடம். ஆட்டுப்பட்டி என்று இன்றும் சொல்கிறோம். அச்சொல்லே பிறகு மக்கள் வாழும் சிற்றூருக்கும் ஆகிவந்தது. வாசல், பட்டி ஆகிய இரண்டையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். யோவான் நற்செய்தி 10ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் தம்மை ஆடுகளுக்கு வாயில் என்று சொல்லிக்கொண்டார் அல்லவா? அந்த உருவகம் முழுவதும் நம் ஊர்ப் பெயரிலேயே தற்செயலாக அடங்கியிருக்கிறது. பேருந்தின் முகப்பில் ஊர்ப் பெயரைக் காணும்போதெல்லாம் எனக்கு அந்த அதிகாரமே நினைவுக்கு வரும்.

சொல் என்னும் சுமை

ஒரு பொருளுக்குரிய சொல்லை மற்றொரு பொருளுக்கு ஏற்றிச் சொல்வதைத் தமிழில் உருவகம் என்றும், அது நிலைத்துப் பெயராகிவிட்டால் ஆகுபெயர் என்றும் வகுத்திருக்கிறார்கள். கிரேக்கர் இதனை ‘மெத்தாஃபோரா’ என்றனர். அச்சொல்லுக்கு நேர்ப்பொருள், ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் சுமந்து செல்லுதல். சுமை என்றால் என்ன என்று மலைவாசிகளாகிய உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சாலை வருமுன் நெல்லும் உப்பும் தலைச்சுமையாக ஏறிய ஒற்றையடிப் பாதைகள் உங்கள் முன்னோரின் கால்கள் அறிந்தவை. சுமையை இறக்கி மாற்றும் ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் சிந்தும். வேறு ஏதேனும் ஒட்டிக்கொள்ளும். சொல்லும் அப்படித்தான்.

நம் வேதச் சொற்கள் எபிரேயம், அரமேயம், கிரேக்கம், இலத்தீன், போர்த்துக்கீசியம் என்று தோள் மாறித் தோள் மாறி வந்தவை. பழைய ஏற்பாட்டைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்களை எழுபதின்மர் என்பது மரபு. நம் மலைச் சாலைக்கும் கொண்டை ஊசி வளைவுகள் எழுபது! ஒவ்வொரு வளைவிலும் காட்சி மாறுவதுபோல, ஒவ்வொரு மொழியிலும் சொல்லின் முகம் சற்றே திரும்புகிறது. அவ்வாறு அவை தமிழுக்குள் நுழைந்த பாதைகள் மூன்று.

முதல் பாதை: ஒலியைச் சுமந்து வருதல்

தெரியாத பொருளோடு தெரியாத பெயரும் சேர்ந்தே வருவது இயல்பு. நம் தோட்டங்களில் விளையும் அன்னாசியே சாட்சி. அப்பழத்தோடு ‘அனனாஸ்’ என்ற பெயரும் போர்த்துக்கீசியர் வழியாக வந்தது. சாவி, அலமாரி, மேசை, ஜன்னல் ஆகியனவும், கோவில் திருவிழாவில் பலாப்பழத்தை ஏலம் விடுகிறோமே, அந்த ஏலமும் அவர்கள் மொழியிலிருந்து வந்தனவே. பேனா என்பதற்கு அம்மொழியில் இறகு என்று பொருள். இறகால் எழுதிய காலம் போயிற்று. பெயர் மட்டும் சட்டைப்பையில் நிற்கிறது.

இவ்வழியேதான் குருசு, பாதிரி, பாப்பு, ‘இஸ்பிரீத்து சாந்து’ முதலிய சொற்களும் வந்தன. புனித சவேரியார் 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்தார். தமிழ் அறியாத அவர், இரு மொழியும் ஓரளவு அறிந்தவர்களைக் கொண்டு செபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, மணி அடித்துச் சிறுவரைக் கூட்டிக் கற்பித்தார். அப்போது ஒரு பிழை நேர்ந்தது. விசுவாசப் பிரமாணத்தில் ‘விசுவசிக்கிறேன்’ என்று வரவேண்டிய இடத்தில் ‘வேணும்’ என்ற சொல் இடம்பெற்றுவிட்டது. கடவுளை நம்புகிறேன் என்பதற்குப் பதிலாகக் கடவுள் எனக்கு வேண்டும் என்று ஊர் ஊராகச் சொல்லிவந்தார்கள்! 1544இல் இதை உணர்ந்த சவேரியார், தம் உடன் ஊழியரான மான்சிலாசுக்குக் கடிதம் எழுதித் திருத்தச் சொன்னார். அதே கடிதத்தில், ஆண்டவர் பாடுபட்டதைக் குறிக்கும் இடத்தில் கட்டாயத்தால் என்று பொருள்படும் சொல் இருப்பதையும் மாற்றச் சொன்னார். ஏனெனில் ஆண்டவர் தம் விருப்பத்தாலேயே பாடுபட்டார்.

ஒரு சொல் மாறினால் விசுவாசமே மாறிப்போகும் என்பதை அப்புனிதர் அறிந்திருந்தார். பிழையை மறைக்காமல் திருத்தினார் என்பது அதனினும் பெரிது. ஆனால் எனக்கு இன்னொன்றும் தோன்றுகிறது. கடவுள் எனக்கு வேண்டும் என்று அக்கடற்கரை மக்கள் சொன்னார்களே, அது பிரமாணமாகப் பிழைதான். செபமாகப் பிழை என்று யார் சொல்வார்?

1554இல் லிஸ்பன் நகரில், உரோமை எழுத்துகளில் தமிழ்ச் செபங்கள் அடங்கிய சிறு நூல் அச்சாயிற்று. பின்னர் அண்டிரிக் அடிகளார் தமிழை இலக்கணமாகக் கற்றுத் தேர்ந்து, 1578 அக்டோபர் 20இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் 16 பக்க நூலைத் தமிழ் எழுத்திலேயே அச்சிட்டு முடித்தார். இந்திய மொழி எழுத்தில் இந்திய மண்ணில் அச்சேறிய முதல் நூல்களுள் இன்று நம் கைக்கு எட்டியிருப்பதில் பழமையானது இதுவே. தலைப்பைக் கவனியுங்கள். கடவுளுக்கு அவர் வைத்த பெயர் ‘தம்பிரான்’. அது நம் சொந்தத் தமிழ்ச் சொல். ஒலியை மட்டும் சுமந்து வந்தால் போதாது என்பதை அவரும் கண்டுகொண்டார்.

இரண்டாம் பாதை: இருக்கும் சொல்லுக்குத் திருமுழுக்கு

இப்பாதையில் துணிந்து நடந்தவர் தத்துவபோதகர் எனப்பட்ட இராபர்ட் தெ நொபிலி சுவாமி. 1606இல் மதுரைக்கு வந்த அவர், காவி உடுத்து, மரக்கறி உண்டு, தமிழும் வடமொழியும் கற்றார். ‘மிஸா’ என்ற போர்த்துக்கீசியச் சொல் தமிழ்க் காதில் மீசை என்றே விழுந்தது. பரம திருப்பலியைப் பற்றிப் பேசும்போது கேட்போர் மேலுதட்டைத் தடவிக்கொண்டால் என்ன செய்வது! ஆகவே பூசை என்றனர். சர்வேசுரன், வேதம், குரு, கோவில் என்று ஏற்கெனவே மக்கள் உள்ளத்தில் இருந்த சொற்களையே எடுத்து, புதுப்பொருள் ஊட்டினர்.

நமக்கு இதில் தனிப்பட்ட உறவும் உண்டு. 1623இல் நொபிலி சுவாமி மதுரையிலிருந்து வடக்கே புறப்பட்டு, நம் மலையடிவாரத்துச் சேந்தமங்கலத்துக்கு வந்தார். அங்கு ஆண்ட இராமச்சந்திர நாயக்கர் அவரை மதிப்புடன் வரவேற்றார். அங்கிருந்து அவர் சேலம் சென்றார். நாம் சந்தைக்கு இறங்கும் ஊரில் நின்று அவர் தலை நிமிர்த்தியிருந்தால், நம் மலையைப் பார்த்திருப்பார்!

கோவில் என்பது கோ, இல் என்ற இரு சொற்களால் ஆனது. அரசன் வாழும் வீடு. அரண்மனையைக் குறித்த சொல் ஆலயத்துக்கு ஆகி, அங்கிருந்து நம் வழிபாட்டு இடத்துக்கும் வந்தது. இவ்வாறு ஒரு சொல் வளர்வது அழகே. ஆனால் இப்பாதையில் ஓர் ஆபத்தும் உண்டு. பழைய சொல் தன் பழைய பொருளை எளிதில் விடுவதில்லை.

நான் இங்கு வந்த புதிதில், மலையின் மறுபக்கத்து ஊர் ஒன்றில் ஒரு பெரியவர் வீட்டில் அமர்ந்திருந்தேன். நம் பழைய வழக்கப்படி ‘பரலோக மந்திரம்’ சொல்லிச் செபித்தேன். முடிந்ததும் அவர் மிகுந்த மரியாதையுடன், “சாமி, இந்த மந்திரம் பாம்புக்கடிக்குக் கேக்குங்களா, இல்லே காத்துக்கருப்புக்கு மட்டுந்தானா?” என்று வினவினார். நான் சிரித்துவிட்டேன். பின்னர் வெட்கப்பட்டேன். மூலிகைக்கும் மந்திரத்துக்கும் பெயர்போன மலையில், அச்சொல் அவருக்கு அவ்வாறுதானே கேட்கும்? தந்தையோடு பிள்ளை பேசுவதை, ஒரு காரியத்துக்காக உச்சரிக்கும் வாய்பாடு என்று அவர் கொண்டதற்குக் குற்றவாளி அவரல்லர்.

பாவம் என்ற சொல்லையும் நினையுங்கள். பீடத்தில் நின்று நான் பாவம் என்றால் கடவுளுக்கு எதிரான குற்றம். நீங்கள் வீட்டில் ‘ஐயோ, பாவம்’ என்றால் அது இரக்கம். ஒரே சொல் குற்றத்தையும் இரக்கத்தையும் குறிக்கும் மொழி நம்முடையது. கடவுள் பாவியைப் பார்க்கும் பார்வையும் ஏறக்குறைய அப்படித்தான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

மூன்றாம் பாதை: பொருளைச் சுமந்து வருதல்

ஒலியை விட்டுவிட்டுப் பொருளை மட்டும் பெயர்ப்பது மூன்றாம் பாதை. இதற்கு நம் மூத்தோரின் பெயர்களே சான்று. பவுல் என்பதற்கு இலத்தீனில் சிறியவர் என்று பொருள். எனவே அவர் சின்னப்பர் ஆனார். பேதுரு என்றால் பாறை. தெலுங்கில் ராய் என்றால் கல். எனவே அவர் இராயப்பர் ஆனார். யோவான் என்பதற்குக் கடவுள் அருளினார் என்பது பொருள், ஆகவே அருளப்பர். அதே பெயர் கொண்ட பிரிட்டோ சுவாமி அருளானந்தர் ஆனார். சின்னப்பன், இராயப்பன், அருளப்பன் என்று பெயர் கொண்ட நம் தாத்தாமார்கள், தங்கள் பெயருக்குள் இலத்தீனும் தெலுங்கும் எபிரேயமும் இருந்ததை அறியாமலே ஏர் ஓட்டினார்கள்!

வீரமாமுனிவர் இக்கலையில் வல்லவர். இத்தாலியில் 1680இல் பிறந்த அவர், தமிழில் காவியம் பாடும் அளவுக்குத் தேர்ந்தார். தேம்பாவணியில் சூசையப்பருக்கு அவர் இட்ட பெயர் வளன். எபிரேயத்தில் யோசேப்பு என்ற பெயருக்குப் பெருகச் செய்தல் என்பது பொருள். சூசை என்பது ஒலி. வளன் என்பது பொருள். 1732இல் சதுரகராதியை அவர் தொகுத்ததும் சொற்களின் பல பொருள்களை ஒழுங்குபடுத்துவதற்கே.

காலம் மாற்றிய சொற்கள்

1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாட்டைப் பற்றிய ஏட்டை வெளியிட்டபின், பலிபீடத்தில் தமிழ் ஒலித்தது. தனித்தமிழ் உணர்வும் நாட்டில் பரவியிருந்த காலம் அது. பூசை திருப்பலி ஆயிற்று, இஸ்பிரீத்து சாந்து தூய ஆவியானார், தேவதிரவிய அனுமானம் அருட்சாதனமாயிற்று, ஞானஸ்நானம் திருமுழுக்காயிற்று.

இம்மாற்றங்களில் இழப்பும் உண்டு, ஆதாயமும் உண்டு. ஞானஸ்நானம் என்ற சொல்லில் ஞானம் முன்நின்றது. திருமுழுக்கில் மூழ்குதல் முன்நிற்கிறது. கிறிஸ்துவோடு மரணத்துக்குள் மூழ்கி எழுவதே இது என்று சின்னப்பர் உரோமையருக்கு எழுதினார். ஆகாய கங்கையின் கீழ் நின்று மூச்சுத் திணறியவர்களுக்கு அது எளிதில் விளங்கும். கிரேக்க மூலச் சொல்லும் அமிழ்த்துதல் என்பதையே குறிக்கிறது. சுற்றி வந்த சொல் தன் பழைய வீட்டுக்கே திரும்பியிருக்கிறது.

நம் பிரிந்த சகோதரர்களிடையே ஞானஸ்நானம் என்ற சொல் இன்றும் வாழ்கிறது. இம்மலையில் உழைத்து 1929இல் காய்ச்சலால் இறந்த ஜெஸ்ஸி பிராண்டும், அவருக்குப் பின் 1974இல் இறக்கும்வரை மலைவாசிகளுக்காகவே வாழ்ந்த அவர் துணைவியார் எவலினும், தேவன் என்றும் சுவிசேஷம் என்றும் சொன்னார்கள். நாம் கடவுள் என்றும் நற்செய்தி என்றும் சொல்கிறோம். 1995இல் இரு திறத்தாரும் கூடி உழைத்து வெளியிட்ட திருவிவிலியம், ஒரே சொல்லால் கடவுளை அழைக்க நம்மால் இயலும் என்று காட்டியது. காய்ச்சலில் கிடந்தவனுக்குக் கஞ்சி ஊற்றிய கையை, அது எந்தச் சொல்லால் செபித்தது என்று யாரும் கேட்கவில்லை.

என் பிழை

நிற்க. இவ்வளவும் படித்தவன் பேசும் பேச்சு. இனி நான் செய்த ஒரு பிழையைச் சொல்லியாக வேண்டும்.

நம் பங்கில் ஒரு மூதாட்டி இருந்தார். கீழ்நாட்டிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். எழுதப் படிக்கத் தெரியாதவர். மாலைதோறும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைக் கூட்டிச் செபமாலை சொல்லுவார். தம் பாட்டியிடம் கேட்டபடியே, ‘இஸ்பிரீத்து சாந்து’ என்றும் ‘சர்வேசுரன்’ என்றும்தான் சொல்லுவார். பிள்ளைகள் மறைக்கல்வி வகுப்பில் கற்பது ஒன்று, அங்குக் கேட்பது ஒன்று என்று குழம்புகிறார்களே என எண்ணி, ஒருநாள் எல்லார் முன்னிலையிலும், “ஆயா, அதெல்லாம் பழைய சொல். இப்போது தூய ஆவி என்றுதான் சொல்ல வேண்டும்” என்று திருத்தினேன். அவர், “சரிங்க சாமி” என்றார். மறுநாள் முதல் அவர் செபத்தை முன்நின்று சொல்லவில்லை. பிள்ளைகள் நடுவில் அமர்ந்து, உதட்டை மட்டும் அசைத்தார். சில வாரங்களில் அக்கூட்டமே நின்றுபோயிற்று.

காரணம் எனக்கு வெகுநாள் புரியவில்லை. ஒருநாள் கேட்டேவிட்டேன். “தப்பாச் சொன்னா சாமிக்குக் கேக்காதுன்னு பயமாப் போச்சுங்க சாமி” என்றார் அவர்.

அன்றிரவு எனக்கு உறக்கமில்லை. சவேரியார் திருத்தியது பொருளை. நான் திருத்தியதோ ஒலியை மட்டுமே. அந்தத் தாயின் ‘இஸ்பிரீத்து சாந்து’வில் பொருட்பிழை எதுவும் இல்லை. போர்த்துக்கீசு நாட்டிலிருந்து கடல் கடந்து, நானூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பாட்டியிடமிருந்து பேத்திக்குச் செவிவழியாக வந்த ஒரு செல்வத்தை, ஒரு நிமிடத்தில் நான் வாயடைக்கச் செய்துவிட்டேன். வாசலை அடைப்பதும் வாயை அடைப்பதும் ஒன்றே என்பதை அன்று உணர்ந்தேன். மறுநாள் அவர் வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டேன். அவர் பதறிப்போனார். மீண்டும் செபமாலை தொடங்கியது. ஆனால் முன்பிருந்த துணிவு அவர் குரலில் முழுமையாகத் திரும்பவில்லை. இப்போது அவர் ஆண்டவரிடம் இருக்கிறார். அங்கு அவரை யாரும் திருத்தமாட்டார்கள்.

ஆகவே இளைஞர்களே, புதிய சொற்களை நன்கு கற்றுக்கொள்ளுங்கள். அவை தெளிவானவை, திருச்சபை நமக்குத் தந்தவை. ஆனால் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் பழைய சொல்லால் செபித்தால் குறுக்கிடாதீர்கள். அருகில் அமர்ந்து கேளுங்கள். இயன்றால் எழுதி வையுங்கள். அவர்களோடு அச்சொற்களும் போய்விடும்.

ஜூபிலியும் பங்கும்

இறுதியாக, இவ்விழாவின் பெயருக்கு வருவோம். ஜூபிலி என்பது எபிரேய ‘யோபேல்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. ஆட்டுக்கடாவின் கொம்பு என்பது அதன் பொருள். ஐம்பதாம் ஆண்டில் அக்கொம்பை ஊதுவார்கள். அப்போது அடிமை விடுதலை பெறுவான். வறுமையால் கைவிட்ட நிலம் அதற்குரிய குடும்பத்துக்கே திரும்பும் என்று லேவியர் ஆகமம் 25ஆம் அதிகாரம் கூறுகிறது. அச்சொல் இலத்தீனுக்குப் போனபோது, ஆரவாரித்து மகிழ்தல் என்று பொருள்படும் ‘யூபிலாரே’ என்னும் சொல்லோடு ஒலியால் கலந்துவிட்டது. கொம்பு மறைந்தது, ஆரவாரம் தங்கியது. திருத்தந்தை எட்டாம் போனிப்பாஸ் 1300இல் முதல் ஜூபிலி ஆண்டைக் கொண்டாடினார். இன்று நம்மிடம் வந்து சேர்ந்திருப்பது பந்தலும் மின்விளக்கும் ஒலிபெருக்கியும். சுமை மாறியபோது சிந்திப்போனது எது என்று பார்த்தீர்களா? நிலமும் கடனும்தான்!

நம்மில் எத்தனை பேர், அன்னாசி பூக்குமுன்பே முன்பணம் வாங்கி, விலை பேச வழியின்றி நிற்கிறோம்? எத்தனை பேர் மகளின் திருமணத்துக்காகக் காட்டை அடமானம் வைத்திருக்கிறோம்? நமக்குள்ளேயே ஒருவர் மற்றவருக்குக் கொடுத்த கடனுக்காகப் பேச்சு நின்றுபோன உறவுகள் எத்தனை? அவற்றில் ஒன்றையாவது இவ்வாண்டு தீர்த்தால், சிந்திய பொருளைத் திரும்ப அள்ளிச் சொல்லுக்குள் வைத்தவர்கள் ஆவோம்.

முன்பு பங்கை ‘விசாரணை’ என்றும், பங்குக் குருவை விசாரணைச் சாமியார் என்றும் அழைத்தார்கள். நலம் விசாரிப்பவர் என்பது அதன் கருத்து. இன்று விசாரணை என்றால் காவல் நிலையம் நினைவுக்கு வருகிறது. அச்சொல் போனதில் எனக்கு வருத்தமில்லை. பங்கு என்ற சொல் வந்ததில் மகிழ்ச்சி. மலையில் எதைப் பிரித்தாலும், வந்திருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பங்கு வைப்பது நம் வழக்கம். பங்கு பெறுபவர் பாரத்திலும் பங்கு ஏற்பார். இக்கோவில் அப்படித்தான் எழுந்தது.

‘மிஸா’ என்ற அந்தப் பழைய சொல்லும், பலியின் முடிவில் மக்களை அனுப்பிவைக்கும் இலத்தீன் வாசகத்திலிருந்து பிறந்ததே. பலி நம்மை வாசலுக்கு வெளியே அனுப்புகிறது. ஆடுகளுக்கு வாயிலாகிய ஆண்டவர், இவ்வாசலூர்பட்டியில் உள்ளே வருவோரையும் வெளியே செல்வோரையும் காத்து, உங்கள் அனைவரையும் நிறைவாக ஆசீர்வதிப்பாராக!

கிறிஸ்துவில் அன்புள்ள,
உங்கள் பங்குத் தந்தை